கொடைக்கானலில் இருந்து மூன்று நாளில் காரில் ராமேஸ்வரம் போய் வர முடியுமா?

நீங்கள் கேட்டதை முதலில் ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன். குடியிருப்பது கொடைக்கானல். குடியரசு தினத்தோடு சேர்ந்து மூன்று நாள் விடுமுறை கிடைக்கிறது. ஒன்பது வருடம் ஓடிய சின்னக் கார். கூட வருவது மனைவி, 9 வயது மகள், 3 வயது மகன், முழங்கால் வலியும் ரத்த அழுத்தமும் உள்ள 67 வயது அம்மா. அம்மாவுக்கு ராமேஸ்வரம் கோயில் பார்க்க வேண்டும், பிள்ளைகளுக்குக் கடல் வேண்டும். ராமேஸ்வரமா திருச்செந்தூரா, எத்தனை மணி நேரம் ஆகும், தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "மலை ரோடு பழக்கம்தான், மதுரையைத் தாண்டி ஓட்டியதில்லை." உங்கள் நிஜமான கேள்வி அந்த வரிதான் என்று எனக்குப் படுகிறது. கூட்டிக்கொண்டு போவது எல்லோருக்கும் முடியும். அலுங்காமல் வீடு கொண்டுவந்து சேர்க்க முடியுமா என்பதுதான் உங்கள் பயம்.

நான் 26 வருடம் கொடைக்கானலில் வாடகைக் கார் ஓட்டியவன். இப்போது மகன் ஓட்டுகிறான், நான் வண்டி கழுவுகிறேன். ராமேஸ்வரம் எத்தனை நடை போனேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. வண்டி, ரோடு, நேரம் மூன்றையும் தைரியமாகச் சொல்வேன். மாத்திரை மருந்து விஷயத்தில் கேள்விப்பட்டதையும் பார்த்ததையும் மட்டும்தான் சொல்ல முடியும், அதை உங்கள் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

நேரான பதில்: முடியும். ராமேஸ்வரமே போங்கள். ஒரு வழிக்கு முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சக்கரம் உருளும் நேரம் ஆறரை மணி, பிள்ளைகளோடும் அம்மாவோடும் நின்று நின்று போனால் ஒன்பது மணி நேரம். திருச்செந்தூரும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். வண்டி ஓட்டுகிறவனுக்கு அதுதான் சுகம், மதுரையிலிருந்து தூத்துக்குடி வரை நான்குவழிச் சாலை. ஆனால் விடுமுறை நாளில் அங்கே சாமி கும்பிட நிற்கும் வரிசையை உங்கள் அம்மா முழங்கால் தாங்காது. தவிர அம்மா கேட்டது ராமேஸ்வரம். வேறு கோயிலுக்குக் கூட்டிப்போய் "இதுவும் கடல்தானே அம்மா" என்று சொல்லிப் பாருங்கள், வீடு வரும்வரை முகம் பார்க்க மாட்டார்கள்.

இப்போது திட்டம். எல்லோரும் முதல் நாளிலிருந்து கணக்குப் போடுவார்கள். நீங்கள் கடைசி நாளிலிருந்து போடுங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். 2003 இல்லையென்றால் 2004 இருக்கும், என் சொந்தக் குடும்பத்தோடு போயிருந்தேன். தனுஷ்கோடிக்கு அப்போது தார் ரோடு கிடையாது. முகுந்தராயர் சத்திரத்தில் காரை விட்டுவிட்டு, மணலிலும் தண்ணீரிலும் ஆடி ஆடிப் போகிற வேனில் ஏற வேண்டும். கிளம்புகிற நாள் காலையில் "இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போயிடலாம்" என்றாள் வீட்டுக்காரி. எனக்கும் ஆசைதான். வேனில் போய்த் திரும்பிச் சாப்பிட்டுக் கிளம்பும்போது மணி ஒன்று. மலையடிவாரத்து வத்தலக்குண்டு வரும்போது ராத்திரி ஏழரை. மலை ஏறிப் பண்ணைக்காடு பிரிவு தாண்டியதும் மூடுபனி இறங்கிவிட்டது. பானெட்டுக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டி, ரோட்டோர வெள்ளைக் கோட்டைப் பார்த்து முதல் கியரில் ஊர்ந்தேன். எதிரே காய்கறி லாரி ஒன்று, பத்தடிக்குள் வந்த பிறகுதான் அதன் விளக்கு தெரிந்தது. பின்சீட்டில் சின்னவன் வாந்தி. சாத்திக் கிடந்த ஒரு டீக்கடை வாசலில் வண்டியை ஒதுக்கி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வீடு சேர நள்ளிரவு. மலையில் ஓட்டிப் பிழைப்பவன் நான், எனக்கே அந்த நிலை.

அதனால் கணக்கு இப்படி. மூன்றாம் நாள் மதியம் 2 மணிக்குள் நீங்கள் வத்தலக்குண்டில் இருக்க வேண்டும். அப்போதுதான் நாலு, நாலரைக்கு வீட்டில் இருப்பீர்கள். இருட்டுக்கும் பனிக்கும் முன்னால், காட்டுமாடு ரோட்டுக்கு வரும் நேரத்துக்கும் முன்னால். அப்படியானால் ராமேஸ்வரத்தை விட்டு ஆறரைக்குக் கிளம்ப வேண்டும். கடைசி நாள் காலையில் கோயில் கிடையாது, கடல் கிடையாது. இதை இரண்டாம் நாள் ராத்திரியே வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். காலையில் சொன்னால் என் கதைதான் நடக்கும்.

இன்னொன்று. மூன்று நாள் விடுமுறை என்றால் ஊரே நம் மலைக்கு வரும். சனிக்கிழமை காலையில் நீங்கள் இறங்கும்போது அவர்கள் ஏறுவார்கள், கடைசி நாள் மதியம் நீங்கள் ஏறும்போது அவர்கள் இறங்குவார்கள். இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, நெரிசல் பெரும்பாலும் எதிர்ப்பக்கம். ஒரு ஆபத்தும் இருக்கிறது. இறங்கி வருகிறவர்களில் பாதிப்பேர் மூன்றாவது நான்காவது கியரில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வருவார்கள். லைனிங் கருகும் வாசனை உங்கள் ஜன்னல் வழியாகவே வரும். ஒடுக்கமான இடத்தில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதலிடம், அது சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் அந்த வாசனை வந்தால் சட்டம் பேசாமல் ஒதுங்கி வழி விடுங்கள். அவர் நினைத்தாலும் நிறுத்த முடியாமல் இருக்கலாம்.

முதல் நாள் காலை ஆறேகாலுக்கு, விடிந்தும் விடியாமலும் கிளம்புங்கள். ஜனவரியில் உறைபனி விழும் நாளாக இருந்தால் கண்ணாடியைத் துடைக்கப் பத்து நிமிடம் முன்னதாக எழ வேண்டும். கொதிக்கும் தண்ணீரை ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிந்துவிடும். இறக்கத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும். ஐந்து பேரும் பெட்டிகளும் இருக்கும்போது ஒரு கியர் குறைத்தே வையுங்கள், அவ்வளவுதான். மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். வீட்டில் கிடக்கும் பழைய தண்ணீர் பாட்டிலைக் காலியாகவே இறுக்க மூடி அவள் கையில் கொடுத்துவிடுங்கள். 2,100 மீட்டர் உயரத்தில் மூடிய காற்று அது. கீழே இறங்க இறங்க வெளிக்காற்றின் அழுத்தம் கூடும். வத்தலக்குண்டு வருவதற்குள் யாரும் தொடாமலே பாட்டில் சப்பிப்போயிருக்கும். காது அடைப்பதும் இதே சங்கதிதான். மகளுக்கு மிட்டாய், சின்னவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும். சளி பிடித்திருந்தால் வலி அதிகமாக இருக்கும், அப்போது இடையில் இரண்டு இடத்தில் நிறுத்தி இறங்குங்கள்.

வாந்திக்கு: வெறும் வயிறும் கூடாது, நெய் ஒழுகும் பொங்கலும் கூடாது. இரண்டு இட்லி போதும். காருக்குள் போன் பார்க்கக் கூடாது. உடம்பு ஆடுகிறது என்று காது சொல்ல, ஆடவில்லை என்று கண் சொல்ல, அந்தச் சண்டையில்தான் குமட்டுகிறது. தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். அவோமின் மாதிரி மாத்திரைகளைக் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும், வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அது ஆகவே ஆகாது. உங்கள் மகனுக்கு மூன்று, அதனால் குழந்தை டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். தூக்கம் வரவைக்கும் மாத்திரை அது, ஸ்டீயரிங் பிடிக்கிறவர் தொடவே கூடாது.

வத்தலக்குண்டிலிருந்து நிலக்கோட்டை வழியாக நான்குவழிச் சாலையில் ஏறி, வாடிப்பட்டி, சமயநல்லூர் தாண்டி நேராகக் கப்பலூர் வரை போங்கள். அங்கே சுற்றுச்சாலையைப் பிடித்தால் விரகனூரில் ராமநாதபுரம் ரோடு வந்துவிடும். மேப் சில சமயம் மதுரை ஊருக்குள் இழுத்துவிடும், ஐந்து நிமிடம் மிச்சம் என்று காட்டும். நம்பாதீர்கள். அப்புறம் திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம். பரமக்குடி வரை நல்ல அகலமான ரோடு. அதற்கப்பால் இருவழிச் சாலையை அகலப்படுத்தும் பேச்சு நடந்துகொண்டிருப்பதால், நீங்கள் போகும்போது எந்த நிலையில் இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கையில் அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனிதான் நான் உங்களுக்காகப் பயப்படும் இடம். மலையில் ஓட்டுகிறவனுக்குத் தூக்கம் வராது. நிமிடத்துக்கு ஒரு வளைவு, கையும் காலும் ஓயாது. மானாமதுரை தாண்டினால் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுவே நூல் பிடித்த மாதிரி ரோடு, மேலே வெயில். ஐந்தாவது கியரில் போட்டுவிட்டால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. கண் திறந்தே இருக்கும், ஆள் தூங்கியிருப்பான். எனக்கு ஒருமுறை அந்த ரோட்டில் அப்படி ஆனது. இடது சக்கரம் தார் விளிம்பை விட்டு இறங்கி 'கரகர' என்றதும்தான் விழித்தேன். உள்ளே ஆறு பேர், ஒருவருக்கும் தெரியாது. அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் வழக்கம், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து ஓட்டுவதில்லை. பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவது, ஜன்னலைத் திறப்பது எல்லாம் ஐந்து நிமிட வைத்தியம். கொட்டாவி இரண்டு தடவை வந்தால் நிழலில் நிறுத்தி இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். வேகம் 80-ஐத் தாண்ட வேண்டாம். மலையில் 30, 40-ல் பழகிய கண்ணுக்கு எதிரே வருவதன் தூரம் சரியாகப் பிடிபடாது. எதிர்த்திசையில் வரும் டூவீலர், நடுத்தடுப்பு இடைவெளியில் திரும்பும் டிராக்டர், இதெல்லாம் நம் ஊரில் இல்லாத சமாச்சாரம். விரகனூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கீழடி அருங்காட்சியகம் இருக்கிறது, 2023-ல் திறந்தது. அங்கே ஒரு மணி நேரம் நின்றால் மகள் பானையும் உறைகிணறும் பார்ப்பாள், நீங்கள் கால் நீட்டலாம்.

வண்டியைப் பற்றி மூன்றே மூன்று. முதலில் ஏசி. நம் ஊரில் அதை யார் போடுகிறார்கள்? மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் சீல் காய்ந்து கேஸ் கசிந்திருக்கும். மதுரையில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டாம், இரண்டு வாரம் முன்பே ஓடவிட்டுப் பாருங்கள். இரண்டாவது டயர். வளைவுகளில் ஓடும் டயரின் ஓரம்தான் முதலில் தேயும். நடுவில் பட்டன் (டயரின் மேல்வரி) நன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வைத்து ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். மூன்றாவது பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் சீக்கிரம் கொதிக்கும், கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருடமாக மாற்றவில்லை என்றால் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

மூன்று, மூன்றரைக்கு உச்சிப்புளிப் பக்கம் வந்துவிடுவீர்கள். காலையிலிருந்து "கடல் எங்கே, கடல் எங்கே" என்று கேட்டவர்களை அறைக்குப் போகும்வரை காக்க வைப்பது பாவம். இடதுபுறம் பிரிந்தால் அரியமான் கடற்கரை, ஆழம் மெல்ல மெல்லக் கூடும் மணல், சவுக்குத் தோப்பு நிழல். அம்மா உட்கார, பிள்ளைகள் நனைய நல்ல இடம். ஒரு மணி நேரம் போதும். அதன் பிறகு பாம்பன் பாலம். 1988-ல் திறந்த சாலைப் பாலம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம் தெரியும், 1914-ல் திறந்த பழையதில் இப்போது ரயில் ஓடுவதில்லை. கப்பலுக்கு வழிவிடப் பழையது இரண்டு கையாக மேலே விரிந்தது, புதியதில் நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி உயரும். எல்லோரும் பாலத்தில் நிறுத்திப் படம் எடுப்பார்கள். நிறுத்தக் கூடாது. பிள்ளைகளை இறக்கவே இறக்காதீர்கள், காற்று ஆளைத் தள்ளும்.

இரண்டு இரவும் ஒரே அறையில் தங்குங்கள். லிஃப்ட் உண்டா, கார் நிறுத்த இடம் உண்டா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். "எல்லாம் இருக்கு சார்" என்று சொன்ன ஒரு விடுதியில் ஒரு பாட்டியை நானும் என் கிளீனரும் நாற்காலியோடு மூன்றாவது மாடிக்குத் தூக்கிப்போயிருக்கிறோம்.

இரண்டாம் நாள் காலை கோயில். ஐந்து மணிக்கு நடை திறக்கும், மதியம் ஒன்றுக்குச் சாத்தி மூன்றுக்குத் திறப்பார்கள். கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தமும் ஆட வேண்டும் என்று அம்மா சொல்வார்கள். அந்தக் கல்தளம் முழுக்க ஈரம். முன்னால் குளித்துப் போனவர்கள் சொட்டிக்கொண்டே போன தண்ணீர் அது, முழங்கால் வலி உள்ளவர் வழுக்கினால் பயணம் அங்கேயே முடிந்தது. என் யோசனை: கோயிலுக்கு எதிரே கடலில் இருக்கும் அக்னி தீர்த்தத்தில் கால் நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டு, உலர்ந்த துணியோடு தரிசனம். பிராகாரம் ரொம்ப நீளம், சக்கர நாற்காலி கிடைக்குமா என்று வாசலிலேயே கேளுங்கள். நம் குளிரில் பழகிய உடம்பு, ஜனவரி வெயிலே அம்மாவுக்குக் கடுமையாகத் தெரியும். தண்ணீர் எவ்வளவு, மாத்திரை எந்த நேரம் என்பதை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மதியம் எல்லோரும் தூங்கி எழுந்து மூன்று மணிக்குத் தனுஷ்கோடி. இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், 2017-லிருந்து கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார் ரோடு. இருட்டும் முன் எல்லா வண்டியையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், பெட்ரோல் பங்கும் கிடையாது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் போன சர்ச்சும் ஸ்டேஷனும் சுவராக நிற்கின்றன. பாம்பனிலிருந்து வந்த ரயிலும் அன்று இரவு ஆட்களோடு கடலில் போனது. மகளுக்குச் சொல்லலாம், சின்னவன் தூங்கட்டும். அரிச்சல்முனையில் குளிக்கக் கூடாது, இதில் பேச்சே இல்லை. இரண்டு கடலும் சேரும் இடம், உள்ளே இழுக்கும். மலைப் பிள்ளைகளுக்கு அலையின் பலம் தெரியாது. கையைப் பிடித்தே நிறுத்துங்கள்.

எனக்கு உறுதியில்லாதது காற்று. அங்கே வடக்குப் பக்கத்தைப் பெண் கடல், தெற்குப் பக்கத்தை ஆண் கடல் என்பார்கள், வடக்கு அமைதி என்று அர்த்தம். ஆனால் வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடக்குப் பக்கமே கலங்கும். ஜனவரி கடைசியில் வாடை தணிந்து வரும், எல்லா வருடமும் ஒரே மாதிரி இல்லை. அரியமானும் வடக்குப் பக்கம்தான். போன அன்று அலை பெரிதாக இருந்தால் பிள்ளைகளைத் தண்ணீரில் விடாமல் மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கரையில் வலை உலர்த்துகிறவரிடம் கேட்டால் சரியாகச் சொல்வார், எந்த மேப்பும் சொல்லாது.

கிளம்பும் முன் கேலண்டரை எடுத்துப் பாருங்கள். தை அமாவாசை உங்கள் மூன்று நாளில் விழுந்தால் ராமேஸ்வரத்தில் கால் வைக்க இடம் இருக்காது, அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள். தைப்பூசம் நெருங்கினால் வத்தலக்குண்டு, செம்பட்டிப் பக்கமெல்லாம் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் ரோட்டோரம் நடப்பார்கள், விடியற்காலையிலும் மாலையிலும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குள் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் இருக்கிறது, உள்ளூர்க்காரர்களுக்கு விலக்கு உண்டு. ஆனாலும் நம் முகவரி போட்ட ஆர்.சி. புத்தகம் கையில் இருக்கட்டும், உங்கள் கார் ரிப்பேராகி வெளியூர் மச்சான் காரை எடுத்துப்போனால் அந்த வண்டிக்குப் பாஸ் எடுத்துவிட்டே இறங்குங்கள். கீழே வாங்கிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை மேலே கொண்டுவராதீர்கள். வீட்டுக்கு வந்த மறுநாள் வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்புக் காற்றும் நம் ஈரமும் சேர்ந்தால் தகடு ஆறு மாதத்தில் பொரிந்துவிடும்.